வன்னியில் ஒரு நையாண்டி ரொக் பாடலைக் கட்டுவது எப்படி

கோயில் திருவிழா மேடையிலும் இளைஞர் கழக ஆண்டு விழாவிலும் சினிமாப் பாடல்களையே வாசித்துச் சலித்துப்போன இசைக்குழுக்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கங்களில் உண்டு. தமக்கென்று ஒரு பாடலைக் கட்ட விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது நையாண்டியைத்தான். ஊரில் சிரிக்கவும் கொதிக்கவும் விடயங்களுக்குக் குறைவில்லை என்பதால் அது இயல்பானதே. ஆயினும் நையாண்டியை ரொக் இசையில் ஏற்றும்போது வில்லுப்பாட்டிலோ கூத்திலோ அவ்வளவாக இல்லாத ஓர் ஆபத்து கூடவே வந்து சேருகிறது. மின் கிற்றாரும் ட்ரம்மும் சேர்ந்து எழுப்பும் வேகம் எந்தச் சொல்லையும் வீரமாகக் காட்டிவிடக் கூடியது. கேலிக்காக எழுதிய வரியைக் கூட்டம் கொள்கைப் பாட்டாக எடுத்துக்கொண்டு கை உயர்த்திப் பாடத் தொடங்கினால், பாடலைக் கட்டியவர் அதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நிலை வராமல், அல்லது வந்தாலும் பாடல் தன் பொருளை முழுவதும் இழந்துவிடாமல், எழுதுவது முதல் மேடையேற்றுவது வரை என்ன செய்யலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில் ஒரு பாடலைப் பிரித்துப் பாருங்கள்

சொந்தமாக எழுதத் தொடங்குமுன் நன்கு செய்யப்பட்ட ஒரு பாடலைக் குழுவாக உட்கார்ந்து கேட்பது நல்லது. அதற்கு டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரித்தானியக் குழு 1985 இல் வெளியிட்ட ‘மணி ஃபோர் நத்திங்’ மிகவும் பொருத்தமானது. கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள்; சனசமூக நிலையத்தில் கூட்டங்களுக்குப் பயன்படும் ஒலிபெருக்கியை இணைத்து, பாடல் வரிகளை ஆளுக்கொரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். பாடலின் பொருள் இந்தக் குறிப்பில்தான் திறக்கும்.

பாடலில் பேசுபவர் பாடகர் அல்லர். வீட்டு மின்சாதனங்கள் விற்கும் கடையொன்றில் மைக்ரோவேவ் அடுப்புகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் வர்ணத் தொலைக்காட்சிகளையும் சுமந்து இறக்கும் தொழிலாளி ஒருவர், கடையின் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ரொக் பாடகர்களைப் பார்த்து, அதுவெல்லாம் ஒரு வேலையா, சும்மா இருந்தே காசு சம்பாதிக்கிறார்கள் என்று புறுபுறுக்கிறார். குழுவின் தலைவரான மார்க் நொஃப்ளர் நியூயோர்க் நகரில் அப்படியொரு கடையில் நின்றபோது அங்கிருந்த ஊழியரின் பேச்சைக் கேட்டு, கடையிலேயே பேனாவும் தாளும் வாங்கி அதைக் குறித்துக்கொண்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, கேலி இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதாகும். கிற்றார் வாசிப்பதன் உழைப்பை அறியாத தொழிலாளியின் பேச்சு ஒரு பக்கம் சிரிப்பைத் தருகிறது. ஆனால் பாரம் சுமந்து முதுகு நோகிறவர் அவர்தான், அவருடைய பொறாமைப் பேச்சை எடுத்துப் பாடிப் பணக்காரர் ஆனவர் பாடகர்தான் என்ற உண்மை மறுபக்கம் நின்று பாடகரையே குத்துகிறது. இவற்றுக்கு மேலே, இசைத் தொலைக்காட்சியான எம்ரீவி தன்னைத் தானே விளம்பரப்படுத்தப் பயன்படுத்திய வாசகத்தை ஸ்டிங் என்ற மற்றொரு பாடகர் மெல்லிய குரலில் இழுத்துப் பாடுகிறார். விளம்பரத்தையே பாடலுக்குள் இழுத்து வந்து அதைக் கேலிப்பொருள் ஆக்கும் துணிச்சல் அது.

அதன் பின் நடந்தது இன்னும் சுவையானது. அந்த ஆண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பாடல் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. கணினி வரைகலையால் செய்யப்பட்ட அதன் காணொளி அந்தக் காலத்தில் புதுமையாக இருந்ததால், பாடல் யாரைக் கிண்டல் செய்ததோ அந்த எம்ரீவியே அதை ஓயாமல் ஒளிபரப்பி, 1986 இல் ஆண்டின் சிறந்த காணொளி என்ற விருதையும் கொடுத்தது. 1987 ஆகஸ்ட் 1 ஆம் திகதி எம்ரீவியின் ஐரோப்பியச் சேவை தொடங்கியபோது அதில் முதலில் ஒளிபரப்பானதும் இதே காணொளிதான். கேலி செய்யப்பட்டவர் கோபித்துக்கொள்ளாமல் மாலை வாங்கிப் போட்டுவிட்டார். நையாண்டிக்கு நேரக்கூடியவற்றுள் இது பொல்லாதது; தடை செய்திருந்தால்கூடப் பாடலின் பல் கூர்மையாகவே இருந்திருக்கும்.

அதே பாடல் வேறொரு வகையிலும் சிக்கலில் மாட்டியது. பாடலில் வரும் தொழிலாளி, திரையில் தெரியும் பாடகரை ஒருபால் விருப்பமுள்ளோரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லால் ஏசுகிறார். அது அந்தப் பாத்திரத்தின் சிறுமையைக் காட்ட வைத்த சொல். எனினும் 2011 ஜனவரியில் கனடாவின் தனியார் ஒலிபரப்பு ஒழுங்கு அமைப்பு, அச்சொல் நீக்கப்படாத வடிவம் வானொலிக்கு ஏற்றதல்ல என்று முடிவு செய்தது; எதிர்ப்பு எழுந்த பின், அதே ஆண்டின் பிற்பகுதியில், முடிவை அந்தந்த வானொலி நிலையங்களிடமே விட்டது. பாடலை முழுவதும் கேட்பவருக்குப் பாத்திரம் தெரியும். வீதியால் போகும்போது ஒரு வரியை மட்டும் கேட்பவருக்குச் சொல் மட்டுமே தெரியும். உங்கள் பாடலையும் பெரும்பாலானோர் முகநூலில் முப்பது செக்கன் துண்டாகத்தான் கேட்கப் போகிறார்கள் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுபவரைத் தெரிந்தெடுத்தல்

பாடலின் பொருளைத் தெரிந்தெடுப்பதற்கு முன்னரே பேசுபவரைத் தெரிந்தெடுங்கள். “ஊழலைப் பற்றி ஒரு பாட்டு”, “கடனைப் பற்றி ஒரு பாட்டு” என்று தொடங்கினால் அது பிரசங்கமாகத்தான் முடியும். கடனைப் பற்றி எழுத விரும்பினால், வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்று கூப்பிடும் அறவீட்டாளரின் வாயில் பாடலை வையுங்கள்; திறப்பு விழாக்களைப் பற்றி எழுத விரும்பினால், ஒரே வீதிக்கு ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் பொருத்தப்படும் பெயர்ப்பலகைக் கல்லையே பேசவிடுங்கள். கேலிக்குரியவர் தம் வாயாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கும்போது பாடகர் ஒரு சொல்லும் ஏச வேண்டியதில்லை.

இது மேற்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய உத்தி அன்று. புறநானூற்றின் 95 ஆம் பாடலில், அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிக்க வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று சொல்கிறார். தொண்டைமானைப் புகழ்வதாகவே ஒவ்வொரு சொல்லும் நிற்கிறது. அவன் படை ஒருநாளும் போரைக் கண்டதில்லை என்பது எங்கும் சொல்லப்படவில்லை, எல்லாருக்கும் கேட்கிறது. நம் கூத்துகளில் அரசனின் வரவைக் கட்டியம் கூறி அறிவிக்கும் கட்டியகாரன், அரசனின் பெருமையைச் சற்று மிகையாகச் சொல்லியே சபையைச் சிரிக்க வைப்பதும் இந்த வழிதான். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தையோ காத்தவராயன் கூத்தையோ விடிய விடிய இருந்து பார்த்த முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், கிற்றார் பயிற்சிக்கு முன் அவரிடம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். எந்த இடத்தில் சபை சிரிக்கும், எந்த இடத்தில் முகம் சுளிக்கும் என்பதை அவரைப்போல் எந்தக் காணொளியும் சொல்லித்தராது.

யாரைக் கேலி செய்யக்கூடாது என்பதில் வன்னியில் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் போர் ஓர் ஆளையோ ஓர் உறுப்பையோ காணியையோ எடுத்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் இன்னும் வீதியோரக் கொட்டகைகளில் படங்களுடன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய துயரம் பாடலுக்குப் பின்னணியாகக்கூட வேண்டாம். மே மாதத்தில், குறிப்பாக முள்ளிவாய்க்கால் நினைவு நாளை அண்டிய வாரங்களில், நையாண்டி நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். பேச்சு வழக்கைக் கேலி செய்வதும் ஒரு பொறி. அமெரிக்க ரொக் பாடகர் ஃபிராங்க் சப்பாவும் அவருடைய 14 வயது மகளும் 1982 இல் வெளியிட்ட ‘வலி கேர்ள்’ என்ற பாடல், லொஸ் ஏஞ்சலிஸ் புறநகர்ப் பெண்பிள்ளைகளின் பேச்சைப் பரிகசிக்க எழுதப்பட்டு, கடைசியில் அந்தப் பேச்சை நாடெங்கும் நாகரிகமாகப் பரப்பிவிட்டது. அங்கே அது வேடிக்கையோடு போயிற்று. வன்னியிலோ, இனக்கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் பேச்சுக்காகப் பள்ளிக்கூடத்திலேயே போதிய கிண்டலை அனுபவித்தவர்கள். அந்த வழக்கை மேடையில் எடுத்துப் பாடினால் கைதட்டுக் கிடைக்கும், அது நையாண்டி ஆகாது.

எழுதும் வேலை: ஓர் உதாரணம்

எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடலை எடுத்து நடுவிலிருந்து கட்டிக் காட்டுவது பயன் தரும். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசில் உலருணவுப் பொதிகளை வாங்கி, அவற்றை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதைக் காணொளியாக எடுத்து யூரியூப்பில் போடும் வழக்கம் இன்று வன்னியில் எல்லாரும் அறிந்தது. உதவி தேவைப்படுகிறது, உதவுபவர்களில் நல்ல மனத்தவர்களும் உண்டு, ஆயினும் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும் ஒரு தாயின் முகத்தில் தெரியும் கூச்சத்தைப் பற்றி யாரும் பாடவில்லை. பேசுபவராக அந்தத் தாயை வைத்தால் அழுகைப் பாட்டாகிவிடும். கமராவைப் பிடித்திருப்பவரை வையுங்கள். அதிலும் எந்த உண்மையான ஆளையும் நினைவூட்டாத ஒருவரை.

பொதியைக் கொஞ்சம் மேலே பிடி அக்கா
பொழுது சாய முன்னம் முடிக்கவேணும் அக்கா
அழுதால் நல்லது, அழாட்டிப் பரவாயில்லை
அடுத்த வீட்டு அம்மா அழுவா அக்கா

இதில் ஏச்சு இல்லை. பேசுபவர் மரியாதையாகவே பேசுகிறார், ஒவ்வொரு முறையும் அக்கா என்கிறார், அவசரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். பொதி என்பதற்குப் பொழுதும், அழுதால் என்பதற்கு அடுத்த என்பதும் மோனையாக வந்து வரியின் முதல் அடியில் விழுவதைக் கவனியுங்கள். ஆங்கில ரொக் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவதையே தேடுவார்கள். தமிழ்க் காது வரியின் தொடக்கத்தையே முதலில் பிடிக்கிறது, ட்ரம்மின் முதல் அடியும் அங்கேதான் விழுகிறது. ஆகவே மோனையைத் தொடக்கத்தில் வைத்தால் இரைச்சலுக்கு நடுவிலும் சொல் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாம் பத்தியில் அதே மனிதர் ஒரு படி கீழே இறங்க வேண்டும். நையாண்டிப் பாடல்கள் பெரும்பாலும் தேங்கிப்போவது இங்கேதான், ஏனெனில் முதற்பத்தியில் சொன்னதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லி நிரப்பிவிடுகிறார்கள்.

புதுச்சட்டை வேண்டாம் தம்பி, பழசைப் போடு
புழுதியில் ஒருக்கால் புரண்டிட்டு ஓடு

முதற்பத்தியில் நிகழ்ந்ததைப் படம் பிடித்தவர் இப்போது வறுமையையே தயாரிக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் பத்தியில் இன்னும் கீழே இறக்கிவிட ஆசை வரும். அதற்கு இடங்கொடாமல், அவருக்கும் ஓர் உண்மையைக் கொடுங்கள். கைத்தொலைபேசியைத் தவணைக்கு எடுத்திருக்கிறார், பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் அவருடைய அடுப்பும் எரியாது.

போனுக்குத் தவணை இன்னும் போகுது அக்கா
போன மாதக் காசும் நிலுவை அக்கா

‘மணி ஃபோர் நத்திங்’ தொழிலாளி உண்மையிலேயே பாரம் சுமப்பவராக இருந்ததால்தான் அந்தப் பாடல் வெறும் பரிகாசமாகத் தட்டையாகவில்லை. கேலிக்குரியவரிடம் ஒரு நியாயத்தையாவது விட்டுவைத்தால், கேட்பவர் சிரித்துவிட்டு எழுந்து போகமாட்டார்.

பல்லவிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இந்தப் பாடலுக்கு உடனே தோன்றக்கூடிய பல்லவி ‘கொடுக்கும் கைகள் வாழியவே’ என்பதுபோல் ஒன்று. கேலியாகப் பாடினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மாதமே யாரோ ஒருவர் அதை வெட்டி எடுத்து, உண்மையான பொதி வழங்கும் காணொளிக்குப் பின்னணியாகப் போட்டுவிடுவார். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் 1984 இல் வெளியிட்ட ‘போர்ன் இன் த யூஎஸ்ஏ’ என்ற பாடல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் வேலையும் ஆதரவுமின்றி அலையும் கதையைப் பத்திகளில் சொல்கிறது. பல்லவியோ தான் பிறந்த நாட்டின் பெயரை முழங்குகிறது. பத்திகளைக் கேளாதவர்கள் அதைத் தேசபக்திப் பாடலாகவே கொண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் தேர்தல் பரப்புரைக்கு நியூ ஜேர்சிக்கு வந்த ஜனாதிபதி ரேகன், ஸ்பிரிங்ஸ்ரீனின் பாடல்கள் தரும் நம்பிக்கையைப் புகழ்ந்து பேசும் அளவுக்கு நிலைமை போயிற்று. பிற்காலத்தில் ஸ்பிரிங்ஸ்ரீன் அந்தப் பாடலைக் குழுவின் முழக்கம் எதுவுமின்றித் தனி ஒரு கிற்றாருடன் மெதுவாகப் பாடியபோதுதான் அதன் இருட்டுப் பலருக்குத் தெரிந்தது.

நம்மிடையேயும் இதற்கு நல்ல சான்று உண்டு. ஈழத்துப் பொப்பிசையின் முன்னோடியான நித்தி கனகரத்தினம் பாடிய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ குடியை விடச் சொல்லும் பாடல். கலியாண வீட்டுப் பின்வளவில் அது எந்த நேரத்தில், எத்தனையாவது போத்தலுக்குப் பின் ஒலிக்கத் தொடங்குகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பல்லவி தனியாக வெட்டி எடுக்கப்பட்டாலும் தன் கேலியைச் சுமந்துகொண்டே போக வேண்டும். நம் பாடலுக்கு இப்படி ஒன்று வைக்கலாம்:

படம் எடுத்தாச்சு, பொதியைத் தா அக்கா

கொடுத்த பொதியைத் திருப்பிக் கேட்கும் இந்த வரியை எந்தக் கொடையாளரும் தம் காணொளிக்குப் பின்னணியாகப் போட முடியாது. இசைக்கும் இது வசதியானது: ‘தா’ என்ற நெடிலை எத்தனை அடிக்கும் நீட்டிப் பிடிக்கலாம், கூட்டமும் சேர்ந்து இழுக்கலாம். அந்த இடத்தில் ‘கொடு’ என்று குறிலில் முடியும் சொல்லை வைத்திருந்தால் நீட்டும்போது ‘கொடூ’ என்று சிதைந்திருக்கும். பல்லவியில் நீண்டு ஒலிக்க வேண்டிய இடங்களையெல்லாம் முதலில் குறித்துவிட்டு, அங்கே நெடில் வருமாறு சொற்களை மாற்றுங்கள்.

இசையமைப்பு

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நான்கு அடித் தாளம் ரொக் இசைக்கு இயல்பானது, நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் அதில் தடையின்றி உட்காரும். ரொக் இசையில் அழுத்தம் இரண்டாம், நான்காம் அடிகளில் விழும் என்பதை மட்டும் மிருதங்கமோ மத்தளமோ பழகியவர்கள் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். வேகத்தை நிமிடத்துக்கு 110 அடிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் விகுதிகளால் நீள்பவை, அவற்றை விரட்டினால் கேலி விழுங்கப்பட்டுவிடும். பத்திகளில் கிற்றாரை அடக்கி, ட்ரம்மும் பேஸும் மட்டும் நடக்கவிட்டுப் பாடுங்கள். பல்லவியில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். மின் கிற்றார் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கரையோரக் கிராமங்களின் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிற்றாரும் கீபோர்டும் நன்றாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், ஒலிப்பெருக்கமுள்ள சாதாரணக் கிற்றாரும் இந்த வேலைக்குப் போதும். காத்தவராயன் கூத்தின் உடுக்கை வாத்தியத்தைப் பத்திக்கும் பல்லவிக்கும் இடையில் தனியாக ஒலிக்க விடுவது நல்ல யோசனை, ஏனெனில் அந்த ஒலியைக் கேட்ட உடனேயே நம்மவர்கள் கதை சொல்லப்படுகிறது, பேசுபவர் வேடம் தரித்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

பாடகர் தம் குரலில் கேலியைக் காட்டக்கூடாது. கண் சிமிட்டுவது, குரலைக் குழைத்துப் பழித்துக் காட்டுவது, வரிக்கு நடுவில் தாமே சிரிப்பது எல்லாம் கேட்பவருடைய வேலையைப் பறித்துக்கொள்பவை. கமராக்காரர் தம்மை நல்லவர் என்றே நம்புகிறார். பாடகரும் அந்த நம்பிக்கையோடேயே பாட வேண்டும்.

கேட்டுச் சரிபார்த்தல்

பாடல் ஓரளவு உருவானதும், குழுவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு, எந்த முன்னுரையும் சொல்லாமல், ஒரே ஒருமுறை பாடிக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பாட்டில் பேசுபவர் யார், அவரை உங்களுக்குப் பிடித்ததா என்று கேளுங்கள். உதவி செய்பவரைப் பற்றிய நல்ல பாட்டு என்று பதில் வந்தால் இரண்டாம் பத்தியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். உதவி வாங்குபவர்களைக் கேலி செய்கிறீர்கள் என்று பதில் வந்தால் விடயம் பாரதூரமானது, பெரும்பாலும் அக்காவின் பக்கத்தில் எங்கோ ஒரு சொல் அவரைச் சிறுமைப்படுத்துகிறது. இந்தச் சோதனையை, அத்தகைய பொதியை உண்மையில் வாங்கிய ஒருவர் முன் செய்வது சங்கடமானதுதான். அதைத் தவிர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் சிரித்தால் பாடல் தயார். அவர் பேசாமல் இருந்தால் தயாரில்லை.

மேடையும் அதன் நடைமுறைகளும்

இடத்தைப் பொறுத்தவரை, கோயில் வீதி மேடையைவிட இளைஞர் கழக விழாவோ விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு நிகழ்வோ ஏற்றது. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருவிழாவுக்கு நேர்த்தியோடு வரும் சனத்தின் முன் கமராக்காரரைப் பாடவிடுவது பொருத்தமற்றது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் முற்கூட்டியே அனுமதி பெறுங்கள். அனுமதியில் குறித்த நேரத்துக்குப் பின் ஒலிபெருக்கி ஓடாது என்பதால் உங்கள் பாடலை நிகழ்ச்சியின் கடைசியில் வைக்கச் சம்மதிக்காதீர்கள், ஏனெனில் பிரதம விருந்தினரின் உரை நீளுமே தவிர ஒருநாளும் குறையாது. ஒலி அமைப்பாளரிடம் பாடகரின் ஒலிவாங்கியை மற்றெல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும்படி முதலே சொல்லிவையுங்கள். நம் ஒலி அமைப்பாளர்களுக்குப் பேஸ் அதிரவேண்டும் என்பதில் உள்ள பற்று, சொல் கேட்கவேண்டும் என்பதில் இருப்பதில்லை.

இணையத்தில் ஏற்றுமுன் சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டபோதும், அவதூறுக்காகக் குடியியல் வழக்குத் தொடர இன்னும் இடமுண்டு. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையப் பதிவுகளுக்குப் புதிய பொறுப்புகளைச் சுமத்தியிருக்கிறது. பெயர், வாகன இலக்கம், யூரியூப் அலைவரிசையின் சின்னம், ஒருவருக்கே உரிய வணக்கச் சொல் எதுவும் பாடலிலோ காணொளியிலோ வரக்கூடாது. இது அச்சத்தால் சொல்வதன்று. ஓர் ஆளைக் குறிப்பிட்ட கணமே பாடல் அந்த ஆளோடு சுருங்கி, மற்றெல்லாக் கமராக்காரர்களும் தப்பிவிடுவார்கள்.

காணொளியை வெட்டி ஏற்றும்போது முப்பது செக்கன் துண்டை நீங்களே தயாரித்து வெளியிடுங்கள். பல்லவியும் புழுதி வரியும் அடுத்தடுத்து வருமாறு அதை அமைத்தால், பிறர் வெட்டிப் பரப்புவதற்கு முன் சரியான துண்டு பரவியிருக்கும். பாடல் வரிகளைத் திகதியிட்டு முழுமையாகக் கீழே எழுதிவிடுங்கள்.

பாடல் ஓடத் தொடங்கிய பின்

டொக்டர் ஹூக் என்ற அமெரிக்கக் குழு 1972 இல், ரோலிங் ஸ்டோன் என்ற இசைச் சஞ்சிகையின் அட்டைப்படத்தில் தங்கள் முகம் வரவில்லையே என்று புலம்பும் ஒரு நையாண்டிப் பாடலை வெளியிட்டது. எழுதியவர் ஷெல் சில்வர்ஸ்டைன். புகழுக்கு ஏங்கும் ரொக் பாடகர்களைப் பரிகசித்த அந்தப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏற, 1973 மார்ச் 29 திகதியிட்ட இதழில் அந்தச் சஞ்சிகை குழுவினரின் கேலிச்சித்திரத்தை அட்டையில் போட்டது. அதிலும் குழுவின் பெயரைப் போடாமல், பெயர் நினைவில்லாத யாரோ சிலர் அட்டைக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதி, கேலிக்குக் கேலியால் பதில் சொன்னது. பிரித்தானியாவிலோ பிபிசி, பாடல் ஒரு சஞ்சிகைக்கு விளம்பரமாகிறது என்று ஒலிபரப்ப மறுத்தது.

இத்தகைய பதில்கள் உங்களுக்கும் வரும், அளவுதான் சிறியதாக இருக்கும். திட்டிப் பின்னூட்டம் எழுதுவோருக்குப் பதில் எழுதாதீர்கள். பாடலில் வருவது தான்தானா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், ஏனெனில் மேலே சொன்னபடி எழுதியிருந்தால் அது உண்மை. கடினமானது, பொதி வழங்கும் அமைப்பு ஒன்றே தன் நிகழ்வில் பாட உங்களை அழைப்பதுதான். அப்படி அழைப்பு வரும், பாட்டு பகிடியாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பத்திகளும் வெட்டப்படாமல் பாடப்படும், பாடல் முடியும் வரை மேடையில் பொதி வழங்கல் நடக்காது, பொதி வாங்க வந்தவர்களைப் பாடலின்போது யாரும் படம் எடுக்கமாட்டார்கள் என்ற மூன்றையும் முற்பணம் வாங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் தயங்கினால், அந்தத் திகதிக்கு வேறு ஊரில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம்.